ராஜு வீட்டு அடுப்பும் என் வயிற்றெரிச்சலும்

ஊரார் வீட்டையெல்லாம் சூடாக்கிவிட்டுத் தன் வீட்டில் இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்குகிறவனுக்கு, ஓக்லாந்தில் விறகு அடுப்புப் பூட்டுகிறவன் என்று பெயர்.

எண்பதுகளின் நடுவில் நான் பார்த்த வேலை அது. பழைய மரவீடுகளில் திறந்து கிடக்கும் கணப்புக் குழிக்குள் கதவு வைத்த இரும்பு அடுப்பை இறக்கி, புகைபோக்கிக்குள் உச்சி வரை எவர்சில்வர் குழாய் விட்டு, வீடு பற்றிக்கொள்ளாதபடி பூட்டிக் கொடுக்க வேண்டும். பென்ரோஸில் எங்கள் ஷெட். முதலாளி பொப் என்ற வெள்ளைக்காரன். வேலையாட்கள் இரண்டே பேர்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான், மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த ராஜு. குளிர்காலம் முடிவதற்குள் எங்களில் ஒருவனை ஹெட் ஃபிட்டர் ஆக்கப் போவதாக பொப் சொல்லியிருந்தான். ஹெட் ஃபிட்டர் என்றால் தனி வான் உண்டு, முடிந்த வேலைக்குக் கையெழுத்துப் போடும் உரிமையும் உண்டு. அந்த வேலை எனக்கு வேண்டும். அதைவிட முக்கியம், அது ராஜுவுக்குக் கிடைக்கக் கூடாது.

கூட வேலை செய்கிறவன் பாராட்டு வாங்கும்போது பல்லைக் காட்டிக்கொண்டே உள்ளுக்குள் வெந்திருக்கிறீர்களா? அப்படியானால் மேலே படியுங்கள், நீங்களும் நம்ம ஆள்தான்.

கேக் யாருக்கு?

மவுண்ட் ஈடனில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வீடு. காலை முழுக்க என் தலையும் ஒரு கையும் புகைபோக்கிக்குள். பழைய குருவிக்கூடு, ஒரு வாளி கரி, பாதி உதிர்ந்த செங்கல் எல்லாம் என் மேல்தான் விழுந்தன. துருப்பிடித்த பழைய மூடியை அறுத்தெடுத்ததும் நான். அடுப்புக்கு முன்னால் பலகைத் தரையில் பொறி விழாதபடி கல் பதித்ததும் நான். ராஜு என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? கூரையில் ஏறிக் குழாய்க்குத் தொப்பி மாட்டினான். இறங்கி வந்து அடுப்பின் கண்ணாடியைத் துடைத்தான். கிழவியின் பூனைக்கு என்ன வயது என்று விசாரித்தான்.

பதினோரு மணிக்குக் கிழவி தேநீரும் கேக்கும் கொண்டு வந்தாள். கரி அப்பிய என் முகத்தைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் நின்ற ராஜுவையும் பார்த்தாள். பிறகு தட்டை அவனிடம் நீட்டிச் சொன்னாள்:

"உன் உதவியாளும் பரவாயில்லை, பாவம். அவனுக்கும் ஒரு துண்டு கொடு."

சாமிக்கு வேர்க்கும்

மனுகாவில் ஒரு தமிழ் டாக்டர் வீடு. கணப்புக் குழிக்கு மேலே மரத்தட்டு. தட்டு நிறையச் சாமிப் படங்கள். அளந்து பார்த்தால் தட்டுக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. மரம் சட்டென்று பற்றாது. நாள்கணக்காகச் சூடேறி உள்ளே காய்ந்துகொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் தானாகப் பற்றும். இதையெல்லாம் நான் டாக்டர் மனைவிக்கு ஒழுங்காக, காகிதத்தில் படம் கீறி, விளக்கினேன். "அப்ப சாமியைக் கழட்டி எறியச் சொல்லுறியளோ?" என்று அவர் என் மேல் பாய்ந்தார்.

ராஜு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். படங்களுக்கு முன்னால் ஒரு கும்பிடு போட்டான். "அம்மா, இங்க வெச்சா முருகனுக்கு வேர்க்கும்லா. கிழக்குச் சுவரு சும்மாத்தானே இருக்கு?" என்றான். அவ்வளவுதான். அம்மாவே படங்களை எடுத்துக் கொடுத்தார். தட்டைக் கழற்றியது வழக்கம்போல நான். நாங்கள் கிளம்பும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஊர்க்காரன் என்பதால் ஒரு நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று நம்பிப் போனேன்.

"நீர் யாழ்ப்பாணமோ? அந்த மலேசியத் தம்பியைப் பார்த்து எண்டாலும் கொஞ்சம் பண்பாய்க் கதைக்கப் பழகும்."

பால் பொங்கியது

ராஜு ரானுயியில் வீடு வாங்கினான். நான் இன்னும் வாடகை வீட்டில், ஒற்றைக் கம்பி ஹீட்டருக்கு முன்னால். அவன் தன் வீட்டு அடுப்பைத் தானே பூட்டினான், என்னைக் கூப்பிடவில்லை. கவுன்சில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்த பிறகுதான் நெருப்பு மூட்டலாம், அவர் வருவது செவ்வாய்க்கிழமை. ஆனால் பால் காய்ச்ச நல்ல நாள் ஞாயிறு. சமையலறை மின்சார அடுப்பில் காய்ச்சினால் மனசுக்கு நிறைவாயிருக்காது, நெருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அவன் மனைவி கமலா சொல்லியிருக்கிறாள். புது விறகு அடுப்பின் மேல்தட்டில் பால் பானை ஏறிவிட்டது.

புது அடுப்பை முதலில் சின்ன நெருப்பில்தான் பழக்க வேண்டும். ராஜுவுக்கு அது தெரியும். ஆனால் பால் பொங்குகிற வழியைக் காணோம், நல்ல நேரமோ போய்க்கொண்டிருந்தது. விறகுக்கு மேல் விறகு திணித்தான். பெயின்ட் காய்ந்து புகைய, எல்லோரும் சன்னலைத் திறந்துவிட்டு இருமினோம். கடைசியில் பால் பொங்கி, இரும்பில் வழிந்து, தீய்ந்த வாடை வீடெல்லாம் பரவியது. அப்படியும் எல்லோருக்கும் சந்தோஷம். என் மனைவி சாந்தா மட்டும் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ, ஊர் முழுக்க அடுப்புப் பூட்டுறியள். எனக்கு எப்ப இப்பிடி ஒண்டு?"

கை வைத்த இடம்

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்காவிட்டால் சாப்பாடு இறங்காது போலிருந்தது. கல்லைப் பார்த்தேன், சரி. குழாயைப் பார்த்தேன், சரி. அடுப்புக்கு மேலே அழகான மரத்தட்டு, அதில் பட்டுத் துணி விரித்துச் சாமிப் படங்கள். தட்டின் அடியில் கை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். வார்னிஷ் குமிழ் குமிழாய்க் கிளம்பியிருந்தது. டாக்டர் வீட்டில் பேசிய பேச்செல்லாம் தன் வீட்டுச் சாமிக்குச் செல்லாது போலும்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் கண்ணில் இது படும், பொப் காதுக்குப் போகும், ஹெட் ஃபிட்டர் நான்தான். எனக்கு வைத்த இரண்டு வடையையும் ருசித்துச் சாப்பிட்டேன். அப்போது கமலா ஆறு மாதக் குழந்தையைத் தூக்கி வந்து, கதகதப்பாக இருக்கட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கிடத்தினாள். "இனி குளிர்காலம் முடியிற வரைக்கும் இதை அணைக்கவே மாட்டோம்" என்றாள்.

"பிள்ளையை அங்கால தூக்குங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் வீடே திரும்பியது. ராஜு வந்து தட்டில் கை வைத்தான். அவன் முகம் செத்துப்போய்விட்டது. நெருப்பைத் தணியவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பேரும் கடப்பாரையால் தட்டைப் பெயர்த்தோம். பின்பக்கம் பழுப்பேறிக் கிடந்தது. ராஜு அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். "அண்ணே, கமலா ஆசைப்பட்டுச்சுன்னு விட்டுட்டேண்ணே" என்றான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொன்னேன். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, மனதாரவே சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ராஜு அந்தத் தட்டையே தூக்கிக்கொண்டு பொப்பின் அறைக்குப் போனான். முதல் நாள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான், நான் சத்தம் போட்டதையும் சேர்த்து. அரைமணி கழித்து பொப் எங்கள் இருவரையும் நிற்க வைத்து என் முதுகில் தட்டினான். "நல்ல கண் உனக்கு" என்றான். வான் சாவி கண் முன்னால் வந்து போனது. பிறகு ராஜுவின் பக்கம் திரும்பினான்.

"தன் பிழையைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறவன்தான் என் வேலைகளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும், ஹெட் ஃபிட்டர் நீ."

அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது என் நல்ல மனம் என்று ராஜு இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான், ஆனால் நல்ல மனம் உள்ளவன் எவனாவது விருந்துக்குப் போன வீட்டில் சாமித் தட்டுக்கு அடியில் கை விட்டுக் குறை தேடுவானா?