அண்ணன் குரல் இல்லாத ஆல்பம்

என் அண்ணன் ஒரு ஹெவி மெட்டல் குழுவில் பாடினான். பாடினான் என்று சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ளமாட்டாள். "அது பாட்டாடி? பன்னியக் குத்துற மாதிரி கத்துறான்" என்பாள். பெரம்பலூரில் இன்ஜினியரிங் படிக்கும்போது நான்கு பேராகத் தொடங்கிய குழு. சுண்ணாம்புக்கல் சுரங்கம், டிப்பர் லாரி, கண்ணை எரிக்கும் புழுதி என்று எங்கள் ஊரைத்தான் அண்ணன் தமிழில் எழுதி உறுமினான். சென்னையிலும் பெங்களூரிலும் பையன்கள் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்கள். அரியலூரில் எங்கள் தெருவுக்கு அவன் வேலைக்குப் போகாதவன், அவ்வளவுதான்.

அப்படி ஒரு டிப்பர்தான் புறவழிச்சாலையில் அவன் பைக்கை இடித்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். மூச்சுவிடத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். இனி எடுக்க முடியாது என்றார் டாக்டர். குழாயை விரலால் மூடிக்கொண்டால் காற்றும் கரகரப்புமாக ஒன்றிரண்டு சொல் வரும். சளி உறிஞ்சும் மெஷினைப் பிடிக்க நான் பழகிக்கொண்டேன்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு குழுவின் கிதார்காரன் பார்க்க வந்தான். அண்ணனுடன் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவன். நான் மெஷினை வைத்துச் சளி எடுத்துக்கொண்டிருந்தபோது, போனைத் தலையணை மேல் வைத்துவிட்டு அண்ணன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது. கிளம்பும்போது அம்மாவிடம் கேட்டான்.

"அம்மா, பழைய ரெக்கார்டிங் எல்லாம் இவன் லேப்டாப்லதான் இருக்கு. எடுத்துட்டுப் போயி நல்லாப் பண்ணி வெளியிடுறோம்."

"எடுத்துட்டுப் போப்பா. இங்க கெடந்து என்ன பண்ணப்போவுது."

மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தான். கையில் புது ஆல்பம். உறையில் அண்ணன் முகம், வாயைப் பிளந்து கத்தியபடி. ஸ்பீக்கரை ஹாலில் வைத்துப் போட்டான்.

முதலில் வெறும் மூச்சு. ஈரமாக, இழுத்து இழுத்து, நடுவில் ஒரு கொரகொரப்பு. பிறகு டிரம்ஸ் இடிக்க, யாரோ ஒருவன் அண்ணனுடைய வரிகளை உறுமினான்.

அண்ணன் விரலைத் தொண்டைக்குக் கொண்டுபோனான். "என் கொரல்?"

"பழசுல ஒரே இரைச்சல் மச்சான். அதான் புதுப் பையன வெச்சு எடுத்தோம்."

"லேப்டாப்?"

"ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுடா." இதை அவன் அம்மாவைப் பார்த்துச் சொன்னான். "ஆனா உன்ன விட்டுடல. ஆரம்பத்துல வருதுல்ல, அது நீதான்."

அன்று அவன் தலையணை மேல் வைத்த போன் எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாவின் முகமோ மலர்ந்துவிட்டது. "ஆமாடி, எம்புள்ள மூச்சுல்ல இது! எனக்கு அப்பவே தெரியும்" என்று ஸ்பீக்கர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அவனும் போட்டான். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இணையத்தில் அண்ணன் குரலில் இருந்த பழைய பாட்டுகளையும் குழுவினர் நீக்கிவிட்டார்கள். ஆல்பம் நன்றாக ஓடுகிறது. ஒரு பேட்டியில் கிதார்காரனிடம், அந்த முதல் சத்தத்தை எந்தக் கருவியில் உருவாக்கினீர்கள் என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே, "அது தொழில் ரகசியம்" என்றான்.

அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தன் போனைக் கொடுத்து அந்த மூச்சை ரிங்டோனாக வைத்துக்கொண்டாள். சந்தையில், கோயிலில், பஸ்ஸில், யார் கூப்பிட்டாலும் என் அண்ணன் மூச்சுத் திணறுகிறான். உடனே எடுக்காமல் கொஞ்ச நேரம் ஒலிக்கவிடுகிறாள்.

"மாத்தும்மா, கேக்க முடியல" என்றேன் ஒருநாள்.

"ஏன்டி? அவன் பாட்டுலயே இது ஒண்ணுதான் எனக்குப் புரியுது."

அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். விரலால் குழாயை மூடினான்.

"வுடு" என்றான்.