எட்டுக்கு அடியில் ஏழு

ரோஸ்லின் சிஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி, ஹெப்பாளுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் எனக்கு வந்தது. அவருடைய தங்கை மகள்தான் போனில் பேசினாள். எல்லோரும் இறங்கிய பிறகும், சட்டைப்பையில் இருந்த பழைய காலணாவைத் தடவியபடி உட்கார்ந்திருந்தேன்.

மண்டி மொஹல்லா பாத்திரக்கடை மாடியில் ஞாயிறுதோறும் பழங்காசு பார்க்கக் கூடும் நமக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற நர்ஸ். பூசை முடிந்து நேராக வருவார். பையில் லென்ஸும், நாள்காட்டியில் கிழித்த தாள்களும் இருக்கும். காசு கைமாறும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. கண்டதைத் தாளில் எழுதி மடித்த பிறகே பேச்சு. அது அவர் போட்ட சட்டம். "ஒருத்தர் சொல்லிட்டா மத்தவங்க கண்ணுக்கும் அதுவேதான் தெரியும்" என்பார்.

ஜன்னலோரம் அவர் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும்போது, கீழே ஆட்டோக்களின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விடும். செம்பின் மேல் வெயில் மெல்ல ஊரும். போன வருடத்து அச்சை வீணாக்க மனமில்லாமல் அதன் ஆண்டின் கடைசி ஏழின் மேலேயே எட்டை வெட்டிய யாரோ ஒருவன், நம்மோடு உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

என் காலணாவில் அப்படி எட்டுக்கு அடியில் ஏழின் வால் தெரிந்தது. அபூர்வக் காசு என்று நான் குதித்தேன். சிஸ்டரின் தாளில் "இருக்கலாம்" என்று மட்டும் இருந்தது.

"நோடி, இங்க பாருங்க சார், சும்னே அவசரப்படாதீங்க. கீறலாவும் இருக்கும். அதே அச்சுல அடிச்ச இன்னொரு காசு, அதே இடத்துல அதே வாலோட வந்து சாட்சி சொல்லட்டும்."

"உங்களுக்குப் பொறாமை சிஸ்டர்" என்றேன், உங்கள் எல்லோர் முன்னாலும். அவர் லென்ஸைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஆறு மாதம் நான் மாடி ஏறவில்லை. வெறும் வீம்பு. மன்னிப்புக் கேட்க இன்று போகலாம், நாளை போகலாம் என்றே இருந்துவிட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்ததும் தங்கை மகள் ஒரு உறையைக் கொடுத்தாள். மேலே என் பெயர். உள்ளே தேய்ந்த காலணா ஒன்று, மடித்து ஒட்டிய தாள் ஒன்று, எழுதாத தாள் ஒன்று.

"நீங்க எழுதினப்புறம்தான் பெரியம்மா எழுதினதைப் பிரிக்கணுமாம் அங்கிள். ஒரு ஞாயித்துக்கிழமை வருவீங்கன்னு எடுத்து வெச்சிருந்தாங்க."

வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெயில் ஊர்ந்தது. அதே இடத்தில் அதே வால் தெரிந்தது. ஆனால் கண் கலங்கியிருந்ததால் அதை நம்ப முடியவில்லை. "இருக்கலாம்" என்று எழுதி மடித்தேன். பிறகு அவருடையதைப் பிரித்தேன்.

"ஏழுதான் சார். மாடிக்கு வாங்க."

வரும் ஞாயிறு இரண்டு காசுகளையும் கொண்டுவருகிறேன். எழுதி மடிக்கும்வரை யாரும் வாய் திறக்க வேண்டாம். காசுகள் நம் எல்லோருக்கும். அந்த "வாங்க" மட்டும் எனக்கு.