ஓர் ஆபீஸுக்கு ஒரே முகவரி

நெட் ஓடுகிறவரை எங்களை யாரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால் எங்களைத் தவிர வேறு நினைப்பே இருப்பதில்லை. இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் மனிதர்தானா?

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு நான்தான் நெட்வொர்க் பார்க்கிறேன். அங்கே மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் இருந்தாலும், வெளியுலகத்துக்குத் தெரிவது ஒரே இன்டர்நெட் முகவரி. யார் எதைக் கேட்டாலும் ரவுட்டர் தன் முகவரியைப் போட்டு அனுப்பும். வருகிற பதிலைக் கேட்டவர் மேசைக்கே சரியாகச் சேர்க்கும். பஞ்சுத்தூசி மிதக்கிற வெயிலில் அதன் பச்சை விளக்குகள் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றால், வந்த வேலை மறந்து மனசு கடல் தாண்டிப் போய்விடும்.

ஒரே முகவரியிலிருந்து இத்தனை பேர் கிளம்பினால் சில தளங்களுக்குச் சந்தேகம் வரும். மனிதர்தானா என்று படத்தைக் காட்டி, சிக்னல் விளக்கைத் தொடச் சொல்லும். மேனேஜர் பழனிசாமி நொந்துபோய்ச் சொன்னார்: "எங்க ஊட்டுல இருந்து இங்க வரைக்கும் ஒரு சிக்னல் இல்லீங்க, என்னையப் போயி சிக்னலக் காட்டுங்கறானே!"

குலசாமி பேரும் போட்டாச்சு

ஒரு மதியம், எங்களிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையரின் தளம் ஆபீஸில் யாருக்கும் திறக்கவில்லை. ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் சல்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் தனியாகப் பிடித்த முதல் ஆர்டர். சாம்பிள் படங்களைச் சாயங்காலத்துக்குள் ஏற்றாவிட்டால் அது வேறு கம்பெனிக்குப் போய்விடும். யாரோ தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டதில், தளம் எங்கள் முகவரியையே தடுத்திருந்தது. ஒருவர் செய்தாலும் தண்டனை எல்லோருக்கும்தான்.

யாரென்று கேட்டதற்கு ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். கடைசியில் கண்ணாடி அறையிலிருந்து முதலாளி மெதுவாக வெளியே வந்தார். "சல்மா ஏத்திட்டாளான்னு பாக்கலாம்னு, பெரியவன் பேரு, சின்னவன் பேரு, குலசாமி பேரெல்லாம் போட்டுப் பாத்தனுங்க, ஒண்ணுமே தொறக்கலீங்க."

டீ நேரம்

செல்போன் வழியாக முயன்றோம். செல்போன் கம்பெனியும் ஊர்ப்பட்ட பேரை ஒரே முகவரியில்தான் அனுப்புகிறது. அதில் யார் என்ன செய்தார்களோ, அந்த முகவரியையும் தளம் ஏற்கவில்லை. மிச்சமிருந்தது, பின்பக்கம் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்குமிடத்துக்குப் போட்ட தனி லைன். சல்மா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே எல்லோரும் டீ குடித்தபடி வீடியோவில் ஊரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு போனிலும் ஒரு தூரத்து முற்றம், ஒரு தூரத்து வெயில். கனவுக்குள் நுழைந்தது போல நான் நின்றுவிட்டேன். லைன் முழுவதையும் வீடியோக்களே பிடித்துக்கொண்டதில், சல்மாவின் படங்களோ நகரவே இல்லை.

பிகாரிலிருந்து வந்த டெய்லர் முன்னா அவள் முகத்தைப் பார்த்தார். மகளிடம் ஏதோ சொல்லிவிட்டு போனை அணைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அணைத்தார்கள். படங்கள் மளமளவென்று ஏறி, பச்சை டிக் விழுந்தபோது எனக்கே கண் கலங்கியது. அதற்குள் பெல் அடித்து டீ நேரம் முடிந்திருந்தது. "பாப்பாகூடப் பேசற நேரத்த நான் எடுத்துக்கிட்டனேங்ணா" என்றாள் சல்மா. முன்னா எழுந்தபடியே சொன்னார்: "பாப்பா நாளைக்கும் பேசும் மேடம், ஆர்டர் நாளைக்கு வராதே."

லைனைப் பங்கு போடுகிற ரவுட்டர் வேண்டுமென்றால் எந்தக் கடையிலும் வாங்கித் தருவேன், விட்டுக்கொடுக்கிற ரவுட்டர் கேட்டால்தான் எனக்குக் கடை தெரியாது.