மட்டையில் நடத்திய கொம்பியூட்டர் வகுப்பு

போன மாதம் இணையவழியில் நடந்த ஓர் ஆசிரியர் கலந்துரையாடலில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்றவர்களைக் கூப்பிடுவதில் ஒரு வசதி உண்டு. எங்களுக்கு வேறு வேலை இல்லை, நேரத்துக்கு வந்துவிடுவோம். அதை நடத்திய இளம் விரிவுரையாளர், "ஐயா, நீங்கள் வகுப்பறையில் தொழில்நுட்பத்தை எப்போது பயன்படுத்தத் தொடங்கினீர்கள்?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். தொண்ணூற்றொன்றில் என்றேன். யாழ்ப்பாணத்திலா என்றார். ஓம் என்றேன். அப்போது அங்கே மின்சாரமே இல்லையே என்றார். அதுதான் எனக்கு வசதியாக இருந்தது என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல விடாவிட்டால் எனக்குக் கோபம் வரும், ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் தமிழ் வாத்தியார். வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், அதிபரின் பிள்ளைகள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். மின்சாரம் நின்றுபோவதற்குச் சில மாதங்களுக்கு முன், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பழைய மாணவர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொம்பியூட்டர் தந்தார். அதை மேசையில் வைத்து, ஒரு தரம் போட்டுக் காட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். அதிபர் மனையியல் ரீச்சரைக் கொண்டு அதற்குப் பூப்போட்ட உறை ஒன்று தைப்பித்தார். தூசி போகும் என்று யன்னலைப் பூட்டினார். பிள்ளைகள் தொட்டுவிடுவார்கள் என்று கதவையும் பூட்டினார். பிறகு சண்டை தொடங்கி மின்சாரம் போனது. அதனால் ஒரு மாற்றத்தையும் காணாத பொருள் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கொம்பியூட்டர் மட்டும்தான்.

அடுத்த வருடத் தொடக்கத்தில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. அவர்களிடம் கொம்பியூட்டரே இல்லை. ஆனாலும் எங்கள் அதிபருக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மாஸ்ரர், நீர்தானே கொம்பியூட்டர் படிச்சனீர்?"

"இல்லை சேர், நான் தமிழ்."

"உம்மடை ஃபைலிலை சேட்டிபிக்கற் கிடக்கு."

கிடந்தது உண்மைதான். சில வருடங்களுக்கு முன் பட்டணத்தில் மூன்று நாள் பயிற்சிப் பட்டறை ஒன்று நடந்தது. இருபது வாத்திமார், இரண்டு மெசின். நான் ஆள் கட்டை. மூன்று நாளும் எனக்கு முன்னால் நின்ற ஒரு விஞ்ஞான வாத்தியாரின் முதுகைத்தான் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது, அதனால் மூன்று நாளும் ஒழுங்காகப் போனேன். முடிவில் எல்லாருக்கும் சான்றிதழ் தந்தார்கள். கையால் தொடாதவர் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

அதை அந்த நேரமே அதிபருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்றால், எனக்குப் பெருமை பிடித்திருந்தது. எங்கள் ஊரில் கணக்கு வாத்தியாருக்கும் பௌதிக வாத்தியாருக்கும் பின்னால்தான் தாய்தகப்பன்மார் திரிவார்கள். தமிழ் வாத்தியாரைச் செத்தவீட்டில் கல்வெட்டு என்கிற இரங்கற்பா எழுதத்தான் தேடுவார்கள். இனி என்னைக் "கொம்பியூட்டர் சேர்" என்று கூப்பிடப்போகிறார்கள் என்று நினைக்க இனித்தது. வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினேன்.

உயர்தர வகுப்பிலிருந்து பதினொரு பேர் சேர்ந்தார்கள். காலையில் என்னிடம் தமிழ் படிக்கிற அதே பிள்ளைகள்தான். அவர்களில் ஒரு பெண்பிள்ளை, கேள்வி கேட்டே ஆளைக் களைக்கப் பண்ணுகிறவள், பின்னேரம் போய்க்கொண்டிருந்த பொருளியல் ரியூசனை நிற்பாட்டிவிட்டு என் வகுப்புக்கு வந்தாள். கொம்பியூட்டர் தெரிந்தால் கொழும்பில் வங்கி வேலை எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஒரு பாடநேரம் மட்டும் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

அலுமாரியில் கொம்பியூட்டரோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. என் ஆங்கிலம் அந்தப் புத்தகத்தின் முகவுரை வரைக்கும் வராது. படங்களை மட்டும் பார்த்தேன். விசைப்பலகையின் படத்தைப் பழைய கலண்டர் மட்டைகளின் பின்பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டு கீறுவித்தேன். ஆளுக்கொரு மட்டை. நான் சொல்லச் சொல்ல, பதினொரு பேரும் மட்டையில் தட்டுவார்கள். கரும்பலகைதான் திரை. ஒருவர் பலகைக்குப் பக்கத்தில் சோக்கும் டஸ்ரருமாக நின்று, திரையில் மினுங்கும் சின்னக் கோட்டைக் கீறியும் அழித்தும் காட்டவேண்டும். நாற்பது நிமிடம் அப்படி நின்ற பொடியனுக்குத் தோள் பிடித்துவிட்டது.

மட்டையில் தட்டினால் பிழை தெரியாது. ஆகவே என் வகுப்பில் ஒருவரும் பிழை விடவில்லை. தவணைச் சோதனையில் எல்லாருக்கும் தொண்ணூறுக்கு மேல் போட்டேன். அதிபர் காலைக்கூட்டத்தில் அதை வாசித்தார்.

மிச்சத்தைத் தமிழ் பார்த்துக்கொண்டது. கொம்பியூட்டருக்குத் தமிழில் கணனியா கணினியா என்று இரண்டு பாடவேளை விவாதித்தோம். ஒவ்வொரு விசைக்கும் ஒரு தூய தமிழ்ப் பெயர் வைத்து, அதற்கு வேர்ச்சொல் விளக்கமும் எழுதுவித்தேன். அந்த விசையை அமத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. பெயர் அழகாக இருந்தது. பிள்ளைகள் விளங்கினது என்று தலையாட்டினார்கள், நானும் அதைப் பார்த்து அவர்களுக்கு விளங்குகிறது என்று நம்பினேன்.

பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வந்த கணித ரீச்சர் ஒருவர் யன்னலுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சேர், எங்கடை ஊரிலை தரையிலை நிண்டு ஒருத்தரும் நீந்தப் பழகிறேல்லை" என்றார்.

"உங்கடை ஊரிலை கடல் இருக்கு ரீச்சர்" என்றேன். அந்தப் பதிலை நினைத்து ஒரு கிழமை சந்தோசமாகத் திரிந்தேன்.

இப்படி எட்டு மாதம் போனது. பிறகு அதிபருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த வருட வாணி விழாவுக்குக் கொம்பியூட்டரைச் சரஸ்வதிக்கு முன்னால் கொலுவில் வைத்து, விசயதசமியன்று தாய்தகப்பன்மாரைக் கூப்பிட்டு அதைப் போட்டுக் காட்டுவது. சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிறமாதிரி, என் மாணவர்கள் அன்று முதல்முதலாக அதில் எழுதவேண்டும். முந்தி ஊர் ஊராக வீடியோப் படம் ஓட்டிய ஒருவரிடம் ஒரு சின்ன ஜெனரேற்றர் இருந்தது. அதை மண்ணெண்ணெயில் ஓட்டலாம். பதினொரு பிள்ளைகளும் வீட்டு விளக்குகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேண்டும், பெற்றோலுக்கு அப்போது தடை. அதிபர் தன் மோட்டார் சைக்கிளுக்கென்று மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்திருந்ததைத் தந்தார்.

 மெசினைப் போடுகிற சுவிச் எங்கே இருக்கிறது என்பதுகூட எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அதிபரிடம் போய், ஒரு தரம் முன்கூட்டிப் போட்டுப் பார்ப்போமே சேர் என்றேன்.

"எண்ணெய் ஒருக்காத்தான் காணும். மற்றது, கொலுவிலை வைச்சதை விசயதசமிக்கு முதல் தொடக்கூடாது எண்டு உமக்குத் தெரியாதே? நீர் தமிழ் மாஸ்ரர்."

அந்த மெசின் தானாக வேலை செய்யாது. பிளொப்பி என்று ஒரு கறுப்புத் தட்டு, அப்பளம் போல வளையும், அதை உள்ளே செருகினால்தான் உயிர் வரும். அதன் முகத்தில் ஒரு நீட்டு ஓட்டை, அதற்குள்ளால் மண்ணிறச் சவ்வு தெரியும். எல்லாம் அந்தச் சவ்வில்தான் பதிந்திருந்தது. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, வெள்ளைக் கடதாசி உறைக்குள் இருந்தது. கொலுவில் வைக்கும்போது அந்த உறையை நான்தான் கழற்றினேன். உறையோடு வைப்பது செருப்போடு கோயிலுக்குள் போகிறமாதிரி எனக்குப் பட்டது. பிளொப்பியை ஒரு வெள்ளித்தட்டில் அறுகம்புல்லுக்கு மேல் வைத்துக் கும்பிட்டேன்.

விசயதசமி காலை ஐயர் வந்தார். கும்பத்துக்குச் சந்தனம், புத்தகங்களுக்குச் சந்தனம், கொம்பியூட்டரின் நெற்றியில் மூன்று குறியும் ஒரு பொட்டும். பிறகு பிளொப்பி. பொட்டு வைக்க இடம் தேடி, ஓட்டையைக் கண்டு, அதற்குள் தெரிந்த சவ்வின் நடுவில் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். கையோடு தீர்த்தமும் தெளித்தார். நான் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயரைப் பிழை சொல்ல முடியாது, படைத்த பொருளுக்குப் பொட்டு வைப்பது அவர் வேலை. நான் அவசரமாக எடுத்து வேட்டித் தலைப்பால் துடைத்தேன். துடைத்ததில் சந்தனம் சவ்வு முழுதும் பரவியது.

ஜெனரேற்றர் நாலாவது இழுவையில் பிடித்தது. பிளொப்பியை அப்படியே உள்ளே செருகினேன். மெசினைத் தடவித் தடவி, பின்பக்கத்தில் ஒரு விசையைக் கண்டு தட்டினேன். திரை வெளித்தது. மண்டபம் முழுக்கக் கைதட்டியது. பிளொப்பி போன இடத்துக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது, பிறகு திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்து நின்றது. தட்டில் பிழை, வேறு தட்டை மாற்றிவிட்டு, தயாரானதும் ஏதாவதொரு விசையை அடிக்கவும் என்று அர்த்தம். இது அன்றிரவு அகராதியில் தேடி அறிந்தது. அந்த நேரம் எனக்கு அதில் விளங்கியது கடைசியில் நின்ற ரெடி என்ற சொல் மட்டும்தான்.

"என்னவாம் மாஸ்ரர்?" என்றார் அதிபர்.

"தயார் எண்டு சொல்லுது சேர்."

அதிபர் ஒலிபெருக்கி இல்லாமலே உரத்து அறிவித்தார். ஒரு தேங்காய் உடைத்தார்கள். பிறகு ரியூசனை விட்டு வந்த அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினேன். எட்டு மாதம் மட்டையில் பழகிய விரலை முதல்முறையாக உண்மையான விசையில் வைத்தாள். ஒன்றை அமத்தினாள். முனகல், பிறகு அதே இரண்டு வரி. சனம் கைதட்டியது. இன்னொன்றை அமத்தினாள். திரும்பவும் அதே இரண்டு வரி, திரும்பவும் கைதட்டல். திரை நிரம்பிவிட்டது. பிள்ளை எவ்வளவு கெதியாய் எழுதுது பாருங்கோ என்று ஒரு தகப்பன் சொல்வது கேட்டது. அவளுக்கு என்னைவிட ஆங்கிலம் வரும். வரிகளை வாசித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சரஸ்வதியைப் பார்த்தேன். அந்த நேரம் மண்ணெண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றது. அவல், கடலை கொடுக்கத் தொடங்கினார்கள்.

அன்று என்னைப் பாராட்டாதவர் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது. அந்தப் பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் காரணம். அவள் அந்த மண்டபத்தில் வாயைத் திறந்திருந்தால் நான் முடிந்தேன். திறக்கவில்லை. என் பொய்யை ஒரு பிள்ளை காப்பாற்றவேண்டிய நிலைக்கு நான் வந்திருந்தேன்.

அடுத்த வகுப்புக்குப் போனபோது பதினொரு பேரும் வந்து, மட்டைகளை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார்கள். 

"பிள்ளையள், மட்டையளை எடுத்து வையுங்கோ. ஒரு விசயம் சொல்லவேணும்" என்றேன். "எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. அண்டைக்குத்தான் நானும் முதல்முதல் கையாலை தொட்டனான். அது தயார் எண்டு சொல்லேல்லை. பிளொப்பி பழுது. அதைப் பழுதாக்கினதும் நான்தான்."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்து, அதற்கு முகத்தை ஆயத்தமாக வைத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை எழும்பினாள்.

"எட்டு மாதமாத் தெரியாமலோ சேர் படிப்பிச்சனீங்கள்?"

"ஓம்."

"நாங்களும் விளங்கினது எண்டு தலையாட்டினம்."

"ஓம் பிள்ளை."

ரியூசனைப் பற்றிக் கேட்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.  அவள் கோபமோ நக்கலோ இல்லாமல், உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுக் கேட்டாள்.

"அப்ப தமிழும் இப்பிடித்தானோ சேர்?"

பதினொரு வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். என் வாத்தியார் எனக்குச் சொல்லி எழுதுவித்த குறிப்பை நான் இவர்களுக்குச் சொல்லி எழுதுவித்தேன். அதில் பல பாட்டுக்கள் எனக்கு விளங்கியதே இல்லை. விளங்காத பாட்டின் விளங்காத பொழிப்பைப் பாடமாக்கி எழுதி, பிள்ளைகள் சோதனையில் அதிதிறமைச் சித்தி எடுத்தார்கள். அதை ஒருநாளும் பொய் என்று நான் நினைத்ததில்லை, அதற்குப் பெயர் பாடம். சோக்கைக் கீழே வைத்தேன்.

"அரைவாசி" என்றேன்.

அவள் திரும்ப வாங்கில் உட்கார்ந்தாள். மட்டையை வாங்குக்குக் கீழே வைத்தாள். பையைத் திறந்து தமிழ்க் கொப்பியை எடுத்து மேசையில் போட்டாள்.

"எந்த அரைவாசி எண்டு சொல்லுங்கோ சேர். வெட்டிவிடுறம்."

மற்றப் பத்துப்பேரும் கொப்பியை எடுத்தார்கள். நான் போய்ப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து அவளிடம் பேனையை வாங்கினேன். முதல் பக்கத்திலேயே வெட்டவேண்டிய இடம் மூன்று இருந்தது.