சொன்னதை அப்படியே அடித்தேன்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டி.டி.பி. கடையில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. வைரஸ் என்று சொல்லி, அன்று காலை மெக்கானிக் கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணிவிட்டுப் போயிருந்தான். ஃபைல்களைப் பத்திரமாக எடுத்து வைத்தவன், தமிழ் ஃபாண்டைத் திரும்பப் போட மறந்துவிட்டான். பாவி!

காவாந்தண்டலம் ஏரிக்கரையிலிருந்து அந்த அக்கா வந்து நின்றபோதுதான் எனக்கு அது தெரிந்தது. இருளர் குடும்பம். மகள் பத்தாவது தேறியிருந்தாள். விடுதியில் சேர்ந்து மேலே படிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். இரண்டு மணிக்குத் தாலுகா ஆபீசில் விசாரணை. மூன்று தலைமுறையாக யாருக்கு யார் பிறந்தார்கள், எங்கெங்கே குடியிருந்தார்கள் என்று மாசி மாதம் அவர் புருஷன் என் எதிரே உட்கார்ந்து சொல்ல, நான் மனுவாக அடித்துக் கொடுத்திருந்தேன். அந்தத் தாள் சித்திரை மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. சொன்ன மனிதரும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஃபைலைத் திறந்தேன். நாலு பக்கமும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பை, நடுநடுவே கட்டம் கட்டமாக. வேறு ஃபாண்டுக்கு மாற்றினேன். தமிழ் வந்தது, ஒரு வார்த்தைக்கும் அர்த்தமில்லை. பழைய ஃபாண்ட் இருந்த ஃப்ளாப்பியைச் செருகினேன். கறகறவென்று கத்திவிட்டு, படிக்க முடியாது என்றது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். காஞ்சிபுரத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டரை ஆகிவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இன்னாம்மா, அவுரு சொன்னது உள்ள கீதா இல்லியா?” அக்கா வெளியிலிருந்தே கேட்டார்.

“கீதுக்கா! படிக்கத்தான் முடியல!” என்று எரிந்து விழுந்தேன்.

“அவுங்க பாட்டன் பேருகூட எனக்குத் தெரியாதேம்மா.”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அந்தக் குப்பையையே வெறித்தேன். எம், கே, அரைப்புள்ளி, கே, எச். என் விரல்கள் தானாக நகர்ந்தன. அந்த ஐந்து விசையும் தமிழில் ‘அம்மா’! இன்ஸ்டிட்யூட்டில் இரண்டு வருஷம் தமிழ் டைப்ரைட்டரைத் தட்டியவள் நான். அந்தப் பழைய ஃபாண்டுக்கும் அதே விசை வரிசைதான். எந்த விசையில் எந்தத் தமிழெழுத்து என்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும்.

பேனாவை எடுத்தேன். திரையைப் பார்த்து, மேசையில் தட்டி, வாய்விட்டுச் சொல்லி, தாளில் எழுதினேன். கட்டமாகிப்போன எழுத்தை முன்பின்னை வைத்து ஊகித்தேன். பாட்டன் பேர் வந்தது. அவர் பிறந்த திருமுக்கூடல் வந்தது.

மாசியில் நான் வேலைக்குப் புதுசு. சொல்வதை அப்படியே அடி என்று முதலாளி சொல்லியிருந்தார். அப்படியே அடித்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில், அக்கா புருஷன் நடுவில் என்னிடம் சொன்னதையும் உரக்கச் சொன்னேன்: “எம்பொண்டாட்டி வெய்யில்ல நின்னுக்கினு கீதும்மா. உள்ளார கூப்புடேன்.”

என் விரல் நின்றுவிட்டது. அடித்தேனே தவிர, தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூப்பிடவுமில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா! திரும்பினேன். இன்றும் அக்கா வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

“உள்ள வாக்கா, உக்காரு,” என்றேன்.

அக்கா வந்து, அவர் புருஷன் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன்.

“அதையும் எயுதும்மா,” என்றார். “அவுரு சொன்னதுதானே.”

அந்த வரியோடுதான் மனு தாலுகா ஆபீசுக்குப் போனது. ஆனியில் மகள் விடுதியில் சேர்ந்தாள்.