கதவுக் கைப்பிடியில் காயாத கறுப்பு

என் தங்கை மணக்கோலத்தில் கோயிலுக்குப் போனது அண்ணனின் மோட்டார் வண்டியில். பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்த்துவந்த அண்ணன், சீமைக்குத் திரும்பிய காப்பித் தோட்டத்துத் துரை ஒருவரிடம் அதை வாங்கியிருந்தார். மலை மழையில் நனைந்து கிடந்த வண்டி. ஓட்டத்தில் குறையில்லை, ஆனால் கதவுக் கீல்களிலும் மட்கார்டு விளிம்புகளிலும் துரு ஏறியிருந்தது. கைப்பிடிகள் மட்டும் பித்தளை. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பை அடித்துவிட்டால் தினமும் துலக்கும் வேலை மிச்சம் என்று அண்ணன் கருதினார்.

கல்யாணம் வியாழக்கிழமை. தங்கை உடுத்தவிருந்தது அம்மாவின் கல்யாணச் சேலை, எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி வெள்ளைப் பட்டு. அம்மா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெட்டியிலிருந்து எடுத்து நிழலில் விரித்தபோது அதில் வசம்பின் வாசனை மீதமிருந்தது. வேறு சேலை எடுக்கும் பேச்சையே தங்கை காதில் வாங்கவில்லை.

திங்களன்று வீட்டு முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினோம். அண்ணன் கீல்களையும் விளிம்புகளையும் உப்புத்தாளால் தேய்த்தார். கைப்பிடிகளைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. பித்தளை துலக்க எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். ஈரம் போகத் துடைத்தேன். களிம்பு ஏறாமலிருக்க, வழக்கம்போல் நல்லெண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை ஒற்றிவைத்தேன். அதன்மேல் அண்ணன் கறுப்பு எனாமலைப் பூசினார். பார்க்க அழகாகவே இருந்தது.

புதன் பிற்பகல், எப்படி ஏறி உட்காருவது என்று பார்க்கத் தங்கை கதவைத் திறந்தாள்.

"அக்கா, இங்கன வந்து பாரு. கை பூரா கரி!"

அண்ணன் தொட்டுப் பார்த்தார். அவர் விரலிலும் ஒட்டியது.

"ரெண்டு நாளாச்சு, இன்னுமா காயல? கடைக்கார அண்ணாச்சி பழைய சரக்க நம்ம தலையில கட்டிட்டாரு. நாலு வார்த்தை நாக்கப் புடுங்குத மாதிரி கேட்டுட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினார்.

"நீங்க சண்டைக்குப் போங்கண்ணே. நான் கோயிலுக்கு நடந்தே போயிருதேன்" என்றாள் தங்கை.

"நடந்தா புழுதியில சேலை செவந்துரும்ளா" என்றார் அண்ணன்.

"வண்டியில போனா கறுத்துரும். எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க."

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது.

நான் கீலைத் தொட்டேன். கல்லைப்போல் காய்ந்திருந்தது. அதே டப்பா, அதே தூரிகை. அப்போதுதான் என் எண்ணெய்த் துணி நினைவுக்கு வந்தது.

"அண்ணே, அண்ணாச்சிய வையாதீங்க. தொலக்கி முடிச்சு நாந்தான் எண்ணெய் தொட்டு வச்சேன்."

"ஏளா, பெயிண்டு அடிக்கப்போற எடத்துல எவளாவது எண்ணெயத் தடவுவாளா?"

"அம்மா இருந்தா அவளும் தடவித்தான் வச்சிருப்பா" என்றாள் தங்கை.

அண்ணன் செருப்பைக் கழற்றினார்.

மறுபடி பூசிக் காயவைக்க நேரமில்லை. சீமெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தோம். கறுப்பு தோலாக உரிந்து வந்தது. இடுக்குகளை வேப்பங்குச்சியால் சுரண்டினோம். சீயக்காய் போட்டுக் கழுவி, மீண்டும் புளி வைத்துத் துலக்கினேன். பழைய வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்ததில் மூன்று முறை கறை தெரிந்தது, நான்காவது முறை தெரியவில்லை. எண்ணெய்ச் சாடியின் பக்கம் நான் போகவில்லை.

வியாழன் காலை தங்கையை முதலில் ஏற்றி, கதவை ஒட்டி நான் உட்கார்ந்துகொண்டேன். கோயில் வாசலில் நானே கைப்பிடியைத் திருகி முன்னால் இறங்கினேன். அவள் இறங்கியதும் சேலையை முந்தானை தொடங்கிக் கரைவரை பார்த்தேன். மாசில்லை. என் வலது உள்ளங்கையில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழுந்திருந்தது. எந்த இடுக்கிலிருந்து கசிந்ததோ தெரியவில்லை. அந்தக் கையை மடக்கிக்கொண்டு, இடக்கையால் அவள் முந்தானையைச் சரிசெய்தேன்.