வேன் அக்கா நிறுத்திய இடம்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அந்தப் பெண்ணை எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். கணவன் இறந்த பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தவள், மகள் படித்து வேலைக்குப் போன பின்னும் விடவில்லை. மழையோ வெயிலோ, அவள் வேன் தாமதமாக வந்ததாக ஒரு பெற்றவரும் சொன்னதில்லை. அது அவளுக்குப் பெரிய கர்வம்.

ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை உடம்பைச் சும்மா விடுமா? சர்க்கரை ஏறியது, ரத்த அழுத்தம் ஏறியது. இரண்டாம் மாடி வீட்டுக்கு ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

மகள் விடவில்லை. பூங்கா வாசலில் விடிந்ததும் ஒரு கூட்டம் கூடி, ஏரிக்கரையை ஒட்டி நடந்துவிட்டு வரும். அதில் அம்மாவைச் சேர்த்துவிட்டாள்.

"எனக்கு நாலு பேரோட நின்னு அரட்டை அடிக்கத் தெரியாதுடி."

"அரட்டையெல்லாம் வேணாம்மா. கால் ரெண்டையும் ஆட்டினா போதும்."

வேனைப் பூங்கா வாசலில் நிறுத்திவிட்டு நடப்பாள். நடை முடிந்ததும் அங்கிருந்தே பிள்ளைகளை ஏற்றப் போவாள். கூட்டத்தில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் கடைசியில்தான் வருவாள். அங்கே அவளுக்கு ஒரு துணை கிடைத்தது. சந்தைத் தெருவில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். முழங்கால் வலியால் அவரும் எப்போதும் கடைசி.

"முன்னாடி போறவங்க எல்லாம் உடம்பு குறையணும்னு நடக்கறாங்க. நம்ம ரெண்டு பேரும் அவங்க தொலைஞ்சு போயிடாம பார்த்துக்க நடக்கறோம்" என்றார் அவர், முதல் வாரமே. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு மகளைப் பற்றியும் வேனில் சண்டை போடும் பிள்ளைகளைப் பற்றியும் அவரிடம் பேச ஆரம்பித்தாள். தூக்கம் நன்றாக வந்தது. படியேறும்போது மூச்சிரைப்பும் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் அவரிடமும் சொல்லவில்லை. சில நாட்களாகத் தாடைக்குக் கீழே ஏதோ இழுத்துப் பிடித்தது. ஓட்டுநர்களுக்கான மருத்துவச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. இதயத்தில் கோளாறு என்று யாராவது எழுதிவிட்டால் வேன் கையை விட்டுப் போய்விடும். வாயுக் கோளாறுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று காலை நல்ல குளிர். ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. நின்றாள். குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல் தடவினாள். நிமிர்ந்து சற்றுத் தூரம் போனதும் மறுபடி குனிந்தாள்.

"செருப்புல என்ன?" என்றார் பூட்டுக்காரர்.

"வார் கழண்டிருச்சு."

அவர் அவள் காலைப் பார்த்தார். அது வாரே இல்லாத, காலை நுழைத்துப் போட்டுக்கொள்கிற செருப்பு.

"அக்கா, முகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வாயு. சூடா ஏதாவது குடிச்சா சரியாயிடும்."

"வாயுக்கு இப்படியா வேர்க்கும்?"

"உங்க வேலையைப் பாருங்க!"

அவள் திரும்பி விறுவிறுவென்று இறங்கினாள். முன்னால் போனவர்கள் மேட்டைத் தாண்டி மறைந்திருந்தார்கள். அவர் மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். வேன் அக்கா இன்ஜினைக் கிளப்பவும், பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு பூட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார்.

"இறங்குங்க."

"மாட்டேன்."

"பிள்ளைங்க காத்துட்டு நிக்கும். வீம்பு பண்ணாதீங்க."

"யாரு வீம்பு பண்றது?"

அவரைப் பிடித்துத் தள்ளவா முடியும்? நேரமாகிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். முதல் நிறுத்தத்தில் அக்காவும் தம்பியுமாக இரண்டு பிள்ளைகள் ஏறினார்கள். அவர்களுடைய அம்மா வழக்கம்போலக் கையசைத்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பினாள். வேன் அக்கா அவள் பக்கமிருந்து பார்வையை விலக்கிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

வேன் கடைத்தெருவைத் தாண்டியது. அடுத்து மேம்பாலம். அதில் ஏறிவிட்டால் நடுவில் நிறுத்த இடமில்லை. இடது தோளிலிருந்து முழங்கை வரை யாரோ கயிறு கட்டி முறுக்குவது போலிருந்தது. கியரை மாற்றக் கை நகர்ந்தது, பிடி நழுவியது. பல்சக்கரம் கறகறவென்று அலறியது.

"அக்கா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது" என்றார் பூட்டுக்காரர். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பின்னாடி பாருங்க. தயவுசெஞ்சு ஒரு தடவை பாருங்க."

கண்ணாடியில் பார்த்தாள். தம்பிக்காரன் ஜன்னலில் மூச்சை ஊதி, விரலால் மீன் வரைந்துகொண்டிருந்தான்.

பின்னால் லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. பார்வை மங்கிக்கொண்டு வந்தது. எத்தனையோ வருடம் ஓட்டிய கால்கள் தாமாகவே வேலை செய்தன. சிக்னல் போட்டாள். பாலம் ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால் ஓரம் கட்டினாள். கைப்பிரேக்கை இழுக்க ஒரு கை போதவில்லை. பூட்டுக்காரரும் சேர்ந்து இழுத்தார். இன்ஜின் நின்றது.

"ஆயா, பிள்ளைங்களை நடைபாதைக்குக் கூட்டிட்டுப் போ. ரோட்டுப் பக்கம் இறக்காதே" என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை. ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தாள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை பூட்டுக்காரர் அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். "இதோ வந்துருச்சு, இதோ வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சைரன் சத்தம்கூடக் கேட்காத நேரத்திலிருந்தே அப்படித்தான் சொன்னார்.

இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று அடைத்திருந்தது. உடனே சரிசெய்தார்கள். "பாலத்து மேல ஏறியிருந்தா நான் இப்ப உங்களோட பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றார் டாக்டர். மகள் வெளியே போய் நின்று அழுதாள். அம்மா அழவில்லை. "பிள்ளைங்க பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்துச்சுங்களா?" என்றுதான் கேட்டாள்.

பள்ளிக்கூடம் அதன்பிறகு அவளை ஓட்ட விடவில்லை. வேன்களை எந்த வழியில் அனுப்புவது, யாரை எங்கே ஏற்றுவது என்று பார்க்கும் மேஜை வேலையைக் கொடுத்தது. தன் வேனை வேறொருவர் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியதைப் பார்த்த முதல் நாள், கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல் பூட்டுக்காரர் மேல் கோபப்பட்டாள். பார்க்க வந்தவரிடம் சரியாகப் பேசக்கூட இல்லை.

டாக்டர் மறுபடி நடக்கலாம் என்று சொன்ன பிறகும் பல நாள் தள்ளிப்போட்டாள். கடைசியில் ஒரு நாள் பூங்கா வாசலுக்குப் போனாள். கூட்டம் அவளைப் பார்த்ததும் கைதட்டியது. அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. பூட்டுக்காரர் கூடவே வந்தார். மேட்டடிக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"அன்னைக்கு நான் நிறுத்தாம பாலத்துல ஏறியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

"தெரியலக்கா. அதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது."

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். உண்மையாகவே நடுங்கின. தன் வேன் போனதைப் பற்றி இத்தனை நாள் புலம்பியவளுக்கு, இந்த மனிதர் என்னத்தைச் சுமந்துகொண்டு திரிகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"மேடு வேணாம். இன்னைக்கு இப்படியே திரும்பிடலாம்" என்றாள். இருவரும் திரும்பி நடந்தார்கள்.